ஒய் போனாலும் ஆண் பிறக்கும்

ஒய் குரோமோசோம் தேய்கிறது, ஆணினம் அழியப்போகிறது என்ற செய்தி அவ்வப்போது தலைகாட்டும். அதன் பின்னால் இருப்பது ஒரு வகுத்தல் கணக்குதான். சுமார் 900 மரபணுக்களோடு இருந்த ஒய், 16 கோடி ஆண்டுகளில் ஐம்பது சொச்சமாகச் சுருங்கிவிட்டது. இதே வேகத்தில் போனால் மீதியும் சில பத்து லட்சம் ஆண்டுகளில் காலி என்கிறார்கள். தேய்மானம் ஒரே வேகத்தில் நடக்கவில்லை என்பதை யாரும் தலைப்பில் போடுவதில்லை. ரீசஸ் குரங்கின் ஒய்யோடு 2012-இல் ஒப்பிட்டபோது, கடந்த 2.5 கோடி ஆண்டுகளில் மனித ஒய் இழந்தது ஒரே ஒரு பழைய மரபணு.

சரி, முழுக்கவே போனால்? அப்படிப் போன விலங்கு ஜப்பானில் இருக்கிறது. அமாமி ஓஷிமா தீவின் முள்மயிர் எலி. ஆணுக்கும் ஒரு எக்ஸ், பெண்ணுக்கும் ஒரு எக்ஸ், அவ்வளவுதான். ஆண் குட்டிகள் பிறந்துகொண்டுதான் இருக்கின்றன.

பெரும்பாலான பாலூட்டிகளில் கருவை ஆணாக்குவது ஒய்யில் உள்ள எஸ்.ஆர்.ஒய். மரபணு. ஆனால் விந்தகத்தை உருவாக்கும் வேலையைத் தொடங்கிவைப்பது வேறொரு குரோமோசோமில் உள்ள சாக்ஸ்9; அதைத் தூண்டிவிடுவதே எஸ்.ஆர்.ஒய்.யின் வேலை. வீட்டுத் தண்ணீர் மோட்டார்தான் சாக்ஸ்9; சுவிட்சைத் தட்டும் விரல் எஸ்.ஆர்.ஒய். மோட்டார் ஓடத் தொடங்கியதும் விரல் தேவையில்லை. இந்த எலியிடம் விரலே இல்லை; ஆனால் சுவிட்ச் இரண்டாகியிருக்கிறது, யாரும் தட்டாமலே மோட்டார் ஓடுகிறது. கிணறு, குழாய், தொட்டி எல்லாம் பழையவைதான்.

அந்த இரண்டாவது சுவிட்சை ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தின் அசாதோ குரோய்வா குழு 2022-இல் காட்டியது. மூன்றாம் குரோமோசோமில், சாக்ஸ்9-க்கு வெகுதூரம் முன்னால், 17,000 எழுத்து நீளமுள்ள டி.என்.ஏ. துண்டு ஒன்று இரட்டித்திருக்கிறது. ஆண்களில் மட்டும், அதுவும் ஜோடியில் ஒன்றில் மட்டும். அதைப் பெண் சுண்டெலிக் கருவில் புகுத்தியதும் அங்கும் சாக்ஸ்9 தூண்டப்பட்டது. தகப்பனிடமிருந்து துண்டு இரட்டித்த மூன்றாம் குரோமோசோம் வந்தால் ஆண், சாதா மூன்றாம் குரோமோசோம் வந்தால் பெண்; பாதிக்குப் பாதி என்ற விகிதமும் குலையவில்லை. ஒரு ஒய் போன இடத்தில் இன்னொன்று முளைக்கிறது! பரிணாமத்தில் இதைவிட அழகான பழுதுபார்ப்பை நான் படித்ததில்லை.

இவ்வளவு தாங்கிய எலி, அழியும் அபாயத்தில் இருக்கும் இனம். காரணம் குரோமோசோம் அல்ல. ஹபு என்ற நச்சுப்பாம்பை ஒழிக்க 1979 வாக்கில் தீவில் கீரிகளை விட்டார்கள். பாம்பு நடமாடுவது இரவில், கீரி வேட்டையாடுவது பகலில். கீரிகள் பாம்பை விட்டுவிட்டு எலிகளையும் அமாமி முயல்களையும் தின்றன. பல ஆண்டுகள் பொறிவைத்துப் பிடித்து, தீவில் இனிக் கீரி இல்லை என்று 2024 செப்டம்பரில் ஜப்பான் அரசு அறிவித்தது. ஆனால் எலிகளை வேட்டையாடும், காட்டில் திரியும் வீட்டுப்பூனைகள் இன்னும் இருக்கின்றன.