நான்கு பாடல்கள், இரண்டு இசைத்தட்டுகள்

ஒரு நூலின் அடிக்குறிப்பிலிருந்து இரட்டை இசைத்தட்டே பிறந்திருக்கிறது. பரமஹம்ச யோகானந்தரின் 'ஒரு யோகியின் சுயசரிதம்' நூலைப் படித்த 'யெஸ்' ராக் இசைக்குழுவின் பாடகர் ஜான் ஆண்டர்சன், சுருதி, ஸ்மிருதி, புராணம், தந்திரம் என்ற நால்வகைச் சாத்திரங்களைப் பற்றிய குறிப்பில் மனம் பறிகொடுத்தார். வகைக்கு ஒன்றாக நான்கு பாடல்கள். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 நிமிடம், இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுக்க! 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' என்ற அந்தத் தொகுப்பு 1973 டிசம்பரில் இங்கிலாந்தில் வெளிவந்தது.

கேட்டவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்தார்கள். இழுவை, வீண் ஆடம்பரம் என்றார்கள் விமர்சகர்கள் பலர். ரசிகர்களோ வாங்கிக் குவித்து, பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தில் ஏற்றினார்கள். தொகுப்பு வெளிவரும் முன்பே மேடையில் முழுதாக வாசித்ததால், பழகாத பாடல்களை ஒரு மணி நேரத்துக்கு மேல் கேட்டுத் தவித்தவர்களும் உண்டு. குழுவுக்குள்ளேயே ஒருவருக்குப் பிடிக்கவில்லை. கீபோர்டு கலைஞர் ரிக் வேக்மன், மான்செஸ்டர் மேடையில் வாசிப்புக்கு நடுவே கறிச்சோறு சாப்பிட்டார். 1974-இல் குழுவைவிட்டே விலகினார்.

2016-இல் ஸ்டீவன் வில்சனின் புதிய ஒலிக்கலவையில் இந்தத் தொகுப்பு மீண்டும் வந்தது. பொறுமையுள்ள காதுகளுக்கு இது பெரும் விருந்து என்பேன். முதன்முறை கேட்பவர்கள் மூன்றாம் பாடலின் இறுதிப் பகுதியில், குழுவின் கிதார் கலைஞர் ஸ்டீவ் ஹோவின் அக்கூஸ்டிக் கிதாரிலிருந்து தொடங்கலாம்.