மசாஜுக்கு யார் வாத்தியார்?

ஆவடியை அடுத்த வெள்ளானூரில் பிளஸ் டூ முடித்த ஒரு பெண், மசாஜ் தெரபி படிக்கப்போவதாக வீட்டில் சொன்னால் முதல் கேள்வி ஃபீஸ் பற்றி வராது. “அந்த வேலைக்கா?” என்றுதான் வரும். பேப்பரில் படித்த போலீஸ் ரெய்டுகள் அத்தனையும் அந்த ‘அந்த’வுக்குள் இருக்கின்றன. நீதிமன்றம் வரை போன சண்டையும் அப்படிப்பட்டதே. ஸ்பாக்களில் சிசிடிவி பொருத்த வேண்டும் என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம் உத்தரவிட்டார். 2022 ஜனவரியில் மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன், ஸ்பாவுக்குள் கேமரா வைப்பது தனிமனித அந்தரங்கத்தில் கைவைப்பது என்று நேர்மாறாகச் சொன்னார். எது சரி என்பதைச் சட்டம் தெரிந்தவர்கள் பேசட்டும். கேமரா உள்ளே யார் வந்தார் என்று காட்டும்; வந்தவர் காலைத் தொடலாமா கூடாதா என்று சொல்லாது. அதைச் சொல்ல வேண்டியது படிப்பு. இந்தத் தொழிலை ஒழுங்குபடுத்துவதற்கான இடம் வகுப்பறைதான் என்பது என் வாதம்.

ஒருவர் கெண்டைக்கால் வலிக்கிறது, நன்றாக உருவிவிடுங்கள் என்கிறார். ஒரு கால் மட்டும் வீங்கி, தொட்டால் சுடுகிறது. பயிற்சி இல்லாத கை அதைச் சதைப்பிடிப்பு என்று நினைத்து அழுத்தும். உள்ளே ஆழத்தில் ஓடும் ரத்தக்குழாயில் ரத்தம் கட்டியிருந்தால், அழுத்திய வேகத்தில் அது பெயர்ந்து நுரையீரலை அடைத்துவிடக்கூடும், உயிரே போகலாம். படித்த கை அங்கே எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு அனுப்பும். பல வருடமாகச் சர்க்கரை உள்ளவருக்குப் பாதம் மரத்துப்போயிருக்கும். எண்ணெய் சூடு அதிகமென்று அவர் சொல்லவே மாட்டார், கொப்புளம்தான் சொல்லும். சலூனில் முடி வெட்டியதும் இலவசமாகக் கழுத்தைத் திருகி எடுக்கும் ‘நெட்டி’யும் இந்தக் கணக்கில் சேரும்: மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் அந்தக் கழுத்தெலும்பு வழியாகத்தான் ஏறுகிறது. செய்பவருக்கும் சேதம் உண்டு. கட்டிலின் உயரம் சரியில்லாமல், இடுப்பிலிருந்து உடல் எடையைச் சாய்க்கத் தெரியாமல், நாள் முழுக்கக் கட்டைவிரலாலேயே அழுத்துகிறவரின் விரல் மூட்டு சீக்கிரமே தேய ஆரம்பிக்கும். அதன்பின் பிழைப்பு?

கற்றுத்தர ஆளில்லாத ஊர் அல்ல இது. சித்த மருத்துவத்தில் இதற்குத் ‘தொக்கணம்’ என்றே பெயர். தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஆரம்பித்து அசைத்தல் வரை ஒன்பது வகை. 32 புறமருத்துவ முறைகளில் அதுவும் ஒன்று. அரும்பாக்கம் அறிஞர் அண்ணா மருத்துவமனை வளாகத்திலும் பாளையங்கோட்டையிலும் அரசு நடத்தும் நர்சிங் தெரபி பட்டயப்படிப்பு இரண்டரை ஆண்டு. ஐ.டி.ஐ. பாடத்திட்டத்தில் ஸ்பா தெரபி ஓராண்டுப் பிரிவாகவே இருக்கிறது. ஆனால் இவற்றைப் படிக்காமலேயே ஸ்பாவில் வேலைக்குச் சேர முடியும் என்கிறபோது, இரண்டரை வருடம் எதற்கு என்று பிள்ளைகள் கேட்கத்தானே செய்வார்கள்? ஜப்பானில் மூன்றாண்டு படித்து, தேசியத் தேர்வில் தேறினால்தான் இந்தத் தொழிலுக்கு உரிமம். தாய்லாந்து அவ்வளவு கேட்கவில்லை, 150 மணி நேரப் பயிற்சியோடு தொடங்கலாம். நம்மூர் ஸ்பாக்களைப் பற்றிப் பேசும் அதே பேச்சு பாங்காக்கைப் பற்றியும் உண்டு. ஆனாலும் 2016இல் அங்கே தனிச் சட்டம் வந்தது, 2019இல் தாய் மசாஜ் யுனெஸ்கோ பண்பாட்டுப் பட்டியலில் ஏறியது.

சான்றிதழை மாட்டிவைத்துக்கொண்டே தப்பு நடக்காதா என்று கேட்பார்கள். நடக்கும். போலி டாக்டர்கள் இருக்கிறார்கள் என்பதற்காக மருத்துவக் கல்லூரியை யாரும் மூடுவதில்லை. தப்பு செய்தால் பறிபோக ஒரு உரிமம் இருக்கிறவருக்கு அது தனிப் பயம். முதலாளி தகாததைச் செய்யச் சொன்னால் ‘முடியாது’ என்று சொல்ல அதுவே தெம்பு. இன்னொரு ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பச்சைக்குழந்தைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும் பாட்டியும், சுளுக்கு எடுப்பவரும், தலைமுறையாக இதைச் செய்துவரும் நாவிதர் குடும்பங்களும் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. சான்றிதழ் கட்டாயம் என்றால் முதலில் வெளியே நிற்கப்போவது அவர்கள், உள்ளே வரப்போவது ஃபீஸ் கட்ட முடிந்தவர்கள். இது நியாயமான பயம்தான். ஆனால் ஏற்கெனவே தொழில் தெரிந்தவரைச் சோதித்துச் சான்றிதழ் தரும் வழி மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்திலேயே இருக்கிறது. கொத்தனாருக்கு உண்டு, இவர்களுக்கும் அதை வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகலாம். கைப்பதம் அவர்களிடம் உண்டு. வீங்கிய காலைத் தொடாதே என்ற பாடம் மட்டும்தான் சேர வேண்டும், அதற்கு ஓரிரு வாரம் போதும்.

வெள்ளானூர்ப் பெண் அரும்பாக்கத்துக்கே போகட்டும், தனியார் நிலையத்துக்கே போகட்டும், சேருமுன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. உடற்கூறு எத்தனை மணி நேரம்? எத்தனை பேர் உடம்பில் கைவைத்துப் பழக விடுவார்கள்? யாருக்கு மசாஜ் செய்யக்கூடாது என்ற பாடத்தை எந்த வாரத்தில் எடுப்பார்கள்? மூன்றாவது கேள்விக்கு அவர்கள் முழித்தால், அட்வான்ஸ் கட்டாமல் பஸ் ஏறிவிடலாம்.