ஆகாயத்தில் இருந்து வந்து பாடகியைக் கடத்திய நம்பியார்! "அபாரம்" என்கிறது ஒரு கூட்டம். "அபத்தம்" என்கிறது மறு கூட்டம்

வன்னியம்பட்டி,-

அழகான பெண். பாட்டிலும் ஆட்டத்திலும் கெட்டிக்காரி. ஒருநாள் ஆகாயத்தில் இருந்து பறக்கும் தட்டு ஒன்று இறங்குகிறது. அதில் வந்த ஆசாமி அவளைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான்.

கடத்தியவன் பெயர் தின்னா. சொந்த ஊர்: வேற்று கிரகம். கடத்திய காரணம்: பணம் இல்லை, நகை இல்லை. பாட்டு!

எந்தப் போலீஸ் நிலையத்திலும் புகார் எழுதி வாங்க முடியாத இந்தக் கடத்தல் நடந்தது 1963-ம் ஆண்டு. நடந்த இடம் வெள்ளித்திரை. படத்தின் பெயர் "கலை அரசி".

60 ஆண்டுக்கு மேல் ஓடிவிட்டது. ஆனால் இந்தப் படத்தைப் பற்றிய சண்டை மட்டும் இன்னும் ஓயவில்லை. ராஜபாளையம் பஸ்சுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்சுக்கும் காத்து நிற்கிற நேரத்தில், டீக்கடை பெஞ்சில் பழைய படப் பேச்சை யாராவது எடுத்துவிட்டால் போதும். பெரியவர்கள் ஒரு பக்கம், இளவட்டங்கள் ஒரு பக்கம் என்று பெஞ்சு இரண்டாகி விடும்.

கதை இதுதான்

விஞ்ஞானத்தில் பூமியை விடப் பல மடங்கு முன்னேறிய ஒரு கிரகம். அங்கே எல்லாம் இருக்கிறது. ஒன்றே ஒன்று இல்லை. கலை! பாடத் தெரியாது, ஆடத் தெரியாது. கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். அதற்காகப் பூமிக்கு அனுப்பப்படுகிறான் தின்னா. அவன் கண்ணில் படுகிறாள் வாணி.

வாணியாக நடித்தவர் பி.பானுமதி. தின்னாவாக வந்தவர் எம்.என்.நம்பியார். வாணியை மீட்க, மண்ணை நம்பிப் பிழைக்கும் மோகன் அந்தக் கிரகத்துக்கே போகிறான். மோகன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை. எம்.ஜி.ஆர்!

டைரக்டர் ஏ.காசிலிங்கம். 1950-ல் எம்.ஜி.ஆரையும் வி.என்.ஜானகியையும் வைத்து "மருதநாட்டு இளவரசி"யை எடுத்தவர் இவர்தான். இசை கே.வி.மகாதேவன்.

வேற்று கிரகத்து ஆட்களைக் காட்டிய முதல் இந்தியப் படங்களில் ஒன்று இது. ஆனால் வசூலில் பெரிய வெற்றி இல்லை. அதே 1963-ல் வந்த எம்.ஜி.ஆரின் "பெரிய இடத்துப் பெண்" வாங்கிய கைதட்டலில் பாதிகூட இதற்குக் கிடைக்கவில்லை.

"தட்டா, தாம்பாளமா?"

கேலி பேசுகிறவர்கள் சொல்லும் முதல் குற்றச்சாட்டு பறக்கும் தட்டு பற்றியது.

"அது தட்டா, கல்யாண வீட்டுத் தாம்பாளமா?" என்று ஆரம்பிப்பார்கள். "செட்டு செட்டாத் தெரியுது. கிரகத்துக்காரன் டிரஸ்சைப் பார்த்தா நாடகக் கொட்டகை ராஜா மாதிரி இருக்கு. இதுக்குப் பேரு விஞ்ஞானப் படமா?" என்பார்கள்.

இரண்டாவது குற்றச்சாட்டு இன்னும் காரசாரமானது. வேற்று கிரகத்தில் இருந்து வந்தவன் தமிழ் பேசுகிறானே, அது எப்படி? யார் கற்றுக்கொடுத்தது?

மூன்றாவது, நடுவில் நுழையும் வழக்கமான சமாசாரங்கள். பானுமதிக்கு இரட்டை வேடம், ஆள் மாறாட்டம், டூயட், கத்திச் சண்டை எல்லாம் உண்டு. "ராக்கெட் எதுக்கு? ராஜா ராணி கதையாவே எடுத்திருக்கலாமே!" என்பது இவர்கள் கட்சி.

"காலத்தைப் பாரு தம்பி!"

எதிர்க்கட்சி சும்மா இருக்குமா?

"தம்பி, நீ பார்க்கிறது இன்னிக்கு. அவங்க எடுத்தது 63-ல. அன்னிக்குக் கம்ப்யூட்டர் இருந்துச்சா?" என்று மடக்குவார்கள்.

இதில் நியாயம் இருக்கிறது. முதல் செயற்கைக்கோளான ஸ்புட்னிக்கை ரஷ்யா ஏவியது 1957-ல். ககாரின் விண்வெளிக்குப் போய்த் திரும்பியது 1961-ல். அடுத்த இரண்டே ஆண்டில் சென்னையில் இருந்து ஒரு கதாநாயகன் வேறு கிரகத்துக்குப் போய்விட்டான். அமெரிக்க டெலிவிஷனில் "ஸ்டார் டிரெக்" வந்தது 1966-ல். "ஸ்டார் வார்ஸ்" படம் வந்தது 1977-ல்.

அந்த "ஸ்டார் வார்ஸ்" படத்துக்கு ஆன செலவு சுமார் 1 கோடியே 10 லட்சம் டாலர். இங்கே இருந்தது கறுப்பு வெள்ளை பிலிம், அட்டையும் பலகையும் வைத்துப் போட்ட செட், காமிராவில் செய்கிற தந்திரக் காட்சி. அவ்வளவுதான்.

தமிழ்ப் பேச்சுக்கும் பதில் தயார். "இங்கிலீஷ் படத்துல செவ்வாய்க்காரன் இங்கிலீஷ் பேசுறான். அதுக்கு விசில் அடிக்கிறே. நம்ம ஆளு தமிழ் பேசினா மட்டும் சிரிக்கிறியே!" என்று கேட்டால், எதிரே இருப்பவர் டீ கிளாசைப் பார்க்க வேண்டியதுதான்.

யானைக்குக் கம்பளி!

இந்தச் சண்டை "கலை அரசி"யோடு தொடங்கியதும் இல்லை.

அதற்கு 11 ஆண்டு முன்பே, 1952-ல், சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் அமெரிக்கக் கம்பெனியோடு சேர்ந்து ஒரு படம் எடுத்தது. ஆங்கிலப் பெயர் "தி ஜங்கிள்". தமிழில் "காடு". டைரக்டர் வில்லியம் பெர்க் என்ற அமெரிக்கர். ராட் கேமரான், சீசர் ரொமேரோ, மேரி வின்சர் என்று ஹாலிவுட் நட்சத்திரங்கள் வந்து நடித்தார்கள். அதிலும் நம்பியார் உண்டு!

காட்டு மிருகங்கள் மிரண்டு ஓடுகின்றன. காரணம் தேடிப் போகிறது ஒரு குழு. பல ஆயிரம் ஆண்டுக்கு முன் அழிந்துபோன ரோம யானைகள் உயிரோடு திரிவதைக் கண்டுபிடிக்கிறது. ரோம யானைக்கு எங்கே போவது? நம்ம ஊர் யானைகளுக்கே நீள நீளமாக ரோமத்தை மாட்டி நடக்க விட்டார்கள்!

இதைப் பார்த்துச் சிரித்தவர்களும் உண்டு. "இருக்கிறதை வச்சு இல்லாததைக் காட்டினான் பாரு, அவன்தான் கெட்டிக்காரன்" என்று மெச்சியவர்களும் உண்டு.

கேவலம் என்ற படத்துக்குக் கிரீடம்

வெளிநாட்டிலும் இதே கதைதான்.

அமெரிக்காவில் எட் வுட் என்று ஒரு டைரக்டர். கையில் காசு இல்லாமல் 1950-களில் "பிளான் 9 பிரம் அவுட்டர் ஸ்பேஸ்" என்ற பறக்கும் தட்டுப் படத்தை எடுத்தார். சுடுகாட்டு செட்டில் கல்லறைக் கல் ஆடும். நடிகர் பெலா லுகோசி 1956-லேயே செத்துப்போனார். அவருக்குப் பதிலாக வேறு ஆளை நிறுத்தி, முகத்தைத் துணியால் மறைத்துச் சமாளித்தார்கள்.

1980-ல் ஒரு புத்தகம் இதற்கு "எல்லாக் காலத்திலும் மோசமான படம்" என்று பட்டம் கட்டியது. நடந்தது என்ன? அப்படி என்னதான் மோசம் என்று பார்க்கக் கூட்டம் கூடியது! எட் வுட்டின் வாழ்க்கையே 1994-ல் படமாக வந்து இரண்டு ஆஸ்கார் பரிசுகளைத் தட்டிச் சென்றது. பாவம், அதைப் பார்க்க எட் வுட் இல்லை. அவர் 1978-லேயே கண்ணை மூடிவிட்டார்.

சைக்கிளில் ராக்கெட்

"காசு இல்லாவிட்டால் ஆகாயப் படம் எடுக்கலாமா?" என்று கேட்பவர்களுக்குச் சொல்ல இன்னொரு சங்கதி இருக்கிறது.

"கலை அரசி" வந்த அதே 1963-ம் ஆண்டு, நவம்பர் 21-ந் தேதி. நம் மேற்கு மலைக்கு அந்தாண்டை, திருவனந்தபுரத்தை ஒட்டிய தும்பாவில் இருந்து இந்தியாவின் முதல் ராக்கெட் சீறிக் கிளம்பியது. மீனவர் கிராமம் அது. மாதா கோவில் கட்டிடம்தான் ஆபீஸ். ராக்கெட் பாகங்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு போனார்கள். ராமேசுவரத்துக்காரர் அப்துல் கலாம் அங்கே வேலை பார்த்த என்ஜினீயர்களில் ஒருவர்.

1981-ல் "ஆப்பிள்" செயற்கைக்கோளைச் சோதனைக்கு ஏற்றிப்போனது மாட்டு வண்டியில்! அதே நாடு 2023 ஆகஸ்டு 23-ந் தேதி நிலவின் தென்துருவம் பக்கம் சந்திரயான்-3 கலத்தை இறக்கியது. அந்தத் திட்டத்தின் இயக்குனர் விழுப்புரத்துக்காரரான வீரமுத்துவேல். தூத்துக்குடி மாவட்டம் குலசேகரன்பட்டினத்தில் புது ராக்கெட் தளத்துக்கு 2024-ல் அடிக்கல் நாட்டப்பட்டது.

சைக்கிளில் போன ராக்கெட்டைப் பார்த்து யாரும் சிரிக்கவில்லை. சினிமாவில் தட்டு ஆடினால் மட்டும் சிரிப்பா?

பொம்பளைங்க கேள்வி

ஆண்கள் தட்டைப் பற்றியும் ராக்கெட்டைப் பற்றியும் மல்லுக்கட்டிக் கொண்டிருக்க, பெண்கள் கேட்கிற கேள்வி வேறு.

"அவ்வளவு படிச்ச கிரகத்துக்காரன், பாட்டு வேணும்னா வாசல்ல வந்து கேட்க மாட்டானா? தூக்கிட்டுத்தான் போகணுமா?"

யோசித்தால் படத்தின் உயிரே இந்தக் கேள்வியில் இருக்கிறது. மூளை வளர்ந்தவனுக்கு மரியாதை வளரவில்லை. விஞ்ஞானம் இருந்தும் அந்தக் கிரகம் ஏழையாகவே நிற்கிறது. மண்ணில் வேலை செய்கிறவன் போய்த்தான் மீட்டு வர வேண்டியிருக்கிறது. தாம்பாளத்தைப் பார்த்துச் சிரித்தவர்கள் இதைக் கவனிக்கவில்லை என்பதுதான் ஆதரவாளர்களின் கடைசி வாதம்.

சண்டையில் என்ன நஷ்டம்?

டீக்கடையில் யார் ஜெயித்தால் என்ன என்று விட்டுவிட முடியாது. நஷ்டம் நிஜமானது.

தமிழின் முதல் பேசும்படமான "காளிதாஸ்" 1931-ல் வந்தது. இன்று அதன் பிரிண்ட் இல்லை. தமிழ்நாட்டில் எடுத்த முதல் ஊமைப்படம் "கீசக வதம்" இல்லை. "இதுக்கு என்ன மதிப்பு?" என்று நினைத்த பிலிமை எல்லாம் உருக்கி, அதில் உள்ள வெள்ளியைப் பிரித்து விற்ற காலம் உண்டு. தப்பிய பிலிம் சுருள்கள் வெயிலிலும் புழுக்கத்திலும் காடி வாடை அடித்துக் கெட்டுப்போயின. புனாவில் மத்திய அரசின் திரைப்பட ஆவணக் காப்பகம் தொடங்கியதே 1964-ல்தான்.

"கலை அரசி" பிழைத்துக்கொண்டது. இன்று கைப்பேசியிலேயே பார்க்கலாம். காரணம், அதில் எம்.ஜி.ஆர். இருந்தார். பெரிய பெயர் இல்லாத சின்னப் படம் என்றால்?

அடுத்த நஷ்டம், துணிந்து எடுப்பவர்களுக்கு. 2015-ல் ஆர்.ரவிக்குமார் என்ற புது டைரக்டர் "இன்று நேற்று நாளை" எடுத்தார். 2065-ல் இருந்து வந்த கால எந்திரம் இரண்டு நண்பர்கள் கையில் சிக்குகிறது. அவர்கள் அதை வைத்துக் காணாமல் போன சாமானைக் கண்டுபிடித்துச் சொல்லிச் சம்பாதிக்கிறார்கள்! பெரிய நட்சத்திரம் இல்லை, பிரமாண்டம் இல்லை. படம் ஓடியது. ஆனால் அதே டைரக்டரின் அடுத்த படமான "அயலான்" திரைக்கு வந்தது 2024 பொங்கலுக்கு. இடையில் 9 ஆண்டு! ஆகாயக் கதை என்றால் பணம் போடுகிறவர்களுக்கு எவ்வளவு யோசனை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

தீர்ப்பு யார் சொல்வது?

டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து உட்கார்ந்து, ரீல் மாற்றும் ஒவ்வொரு இடைவேளையிலும் முறுக்குக் கடித்துக்கொண்டு பழைய படம் பார்த்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். எம்.ஜி.ஆர். 1987-லும், பானுமதி 2005-லும், நம்பியார் 2008-லும் மறைந்துவிட்டார்கள்.

வசூலில் தோற்ற அந்த விண்வெளிக் கதாநாயகனை 1977-ல் எம்.எல்.ஏ. ஆக்கி, முதல்-மந்திரி நாற்காலிக்கு அனுப்பிவைத்தது எந்தத் தொகுதி தெரியுமா? இப்போது இதே விருதுநகர் மாவட்டத்தில் இருக்கும் அருப்புக்கோட்டை!

ஆகவே படம் அபாரமா, அபத்தமா என்ற வழக்கில் இந்த வட்டாரத்தில் தீர்ப்பு சுலபத்தில் வராது. இரண்டு கட்சிக்காரர்களும் ஒரே ஒரு விஷயத்தில்தான் ஒத்துப்போகிறார்கள்.

"சிரிக்கிறதுக்காவது படம் இருக்கணும்ல!"

அதற்குள் பஸ் வந்துவிடும். சண்டை நாளைக்கு ஒத்திவைக்கப்படும்.