மறுபடி மேலே போகத் தெரிய வேண்டும்

தனியாகப் பறந்த பயிற்சி மாணவரின் சிறு விமானம் ஓடுதளத்தில் மூக்கு மோதி நின்றால், 'அனுபவம் போதாது' என்று சொல்லி முடித்துவிடுகிறோம். எந்த அனுபவம் போதவில்லை என்று யாரும் கேட்பதில்லை. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் அறிக்கைகளில் இத்தகைய விபத்துகள் திரும்பத் திரும்ப வருகின்றன. முதல் மோதலில் துள்ளிய விமானத்தை மாணவர் சரியாக மீட்கவில்லை என்பதே பலவற்றில் காரணம். தரையிறங்கப் பழகியவருக்கு, கெட்டுப்போன தரையிறக்கத்தைக் கைவிடப் பழக்கம் இல்லை. குறை அங்கேதான் இருக்கிறது என்பேன்.

பயிற்சிப் பள்ளிகளில் பரவலாக உள்ள செஸ்னா 172, இறக்கைகளின் பின்விளிம்பிலுள்ள ஃபிளாப்களை இறக்கியபடி 60 முதல் 70 நாட், அதாவது மணிக்குச் சுமார் 110 முதல் 130 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுதளத்தை நெருங்கும். தரைக்குச் சற்று மேலே மூக்கை மெல்ல உயர்த்தி, பின்சக்கரங்கள் இரண்டும் முதலில் தொடும்படி இறக்க வேண்டும். 60 நாட்டில் வர வேண்டியது 70 நாட்டில் வந்தால் அதன் இயக்க ஆற்றல் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கூடிவிடுகிறது. விமானம் இறங்காமல் மிதக்கிறது, ஓடுதளமோ குறைந்துகொண்டே வருகிறது. பொறுமையிழந்து மூக்கைக் கீழே அழுத்தினால் முன்சக்கரம் முதலில் மோதி விமானம் துள்ளும். பதற்றத்தில் மீண்டும் அழுத்தினால் அடுத்த துள்ளல் இன்னும் கடுமையாக இருக்கும். இப்படிச் சில துள்ளல்களிலேயே முன்சக்கரத்தின் கால் முறிந்து புரொப்பல்லர் தரையில் அடிபடலாம். போதாக்குறைக்கு, பயிற்றுநர் இறங்கிக்கொண்டதால் எடை குறைந்த விமானம் வழக்கத்தைவிட வேகமாக மேலேறும், கூடுதலாக மிதக்கும். கை பழகிய கணக்கு மாறுகிற அதே நாளில்தான் பக்கத்தில் திருத்த ஆளில்லை.

முதல் துள்ளலிலேயே எஞ்சினுக்கு முழு விசை கொடுத்து மேலே போய், ஒரு சுற்றுச் சுற்றி வந்து மறுபடி இறங்கலாம். விமானிகள் இதைக் 'கோ-அரவுண்ட்' என்பார்கள். இதுவும் ஆபத்துதானே என்று கேட்கலாம். ஆம், முழு விசையில் மூக்கு மேலெழும், விமானம் இடப்பக்கம் இழுக்கும். ஃபிளாப்களை அவசரமாக மடக்கினால் விமானம் தாழும். அதனால்தான் அதை அரிதாகச் செய்யும் அவசர வித்தையாக விடாமல், தரையிறக்கத்துக்கு இணையாகப் பழக்க வேண்டும். தனிப் பறப்பையே தள்ளிப்போடலாம் என்போரும் உண்டு. ஆனால் இந்தியாவில் வணிக விமானி உரிமத்துக்கான 200 மணி நேரத்தில் 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பை ஏற்றுப் பறந்திருக்க வேண்டும். அந்தப் பொறுப்பு, பயிற்றுநர் பக்கத்தில் இருக்கும்வரை முழுதாக வந்து சேராது.

2018 செப்டம்பரில் பாஸ்டன் அருகே பெவர்லி விமான நிலையத்தில் தனியாகக் கிளம்பிய 17 வயது மாணவியின் விமானத்திலிருந்து ஒரு சக்கரம் கழன்று விழுந்தது. அவர் உடனே இறங்க முயலவில்லை. வானிலேயே சுற்றி, ரேடியோவில் கிடைத்த வழிகாட்டுதலைக் கேட்டு, ஆயத்தமான பிறகே இறங்கினார், காயமில்லை. எஞ்சினும் எரிபொருளும் சரியாக இருக்கும்வரை, பறந்துகொண்டிருப்பது அவகாசம் தருகிறது.

தனிப் பறப்புக்கு முன் கோ-அரவுண்ட் பயிற்சியை அமெரிக்க விதிகள் ஏற்கெனவே கட்டாயமாக்கியிருக்கின்றனவே என்றால், உண்மைதான். ஆனால் 'மேலே போ' என்று பயிற்றுநர் சொல்லி மாணவர் செய்தால், அந்த முடிவு பயிற்றுநருடையது. கோணலாக வரும் இறக்கத்தைப் பயிற்றுநர் பாதுகாப்பான எல்லைவரை வாய் திறக்காமல் கவனிக்கட்டும். சொல்லாமலே மாணவர் விசையைக் கூட்டி மேலே போகிறாரா என்று பார்த்து, அதன் பிறகே அவரைத் தனியாக அனுப்பட்டும்.