எண்ணெய்க் குளியலா? முதலில் தரையைப் பாருங்கள்!

முழங்கால் வலிக்காக என்னிடம் வந்துகொண்டிருந்த அந்த அம்மாவுக்கு வயது 68. தைலம் கொடுத்து, 'வாரம் ஒருநாள் நல்லெண்ணெய் தேய்த்துக் குளியுங்கள்' என்று சொல்லி அனுப்பினேன். மூன்றாவது சனிக்கிழமை, பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டார். இடுப்பு எலும்பு முறிவு. உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்ததால் கதவை உடைத்துத்தான் தூக்கி வந்தார்கள். எண்ணெய் எவ்வளவு, வெந்நீர் எந்தச் சூட்டில் என்றெல்லாம் விவரமாகச் சொன்ன நான், 'பாத்ரூம் தரை எப்படி?' என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. இப்போதெல்லாம் அதைக் கேட்காமல் யாருக்கும் எண்ணெய்க் குளியல் சொல்வதில்லை.

டைல்ஸ் பளபளவென்று இருந்தால்தான் நமக்குத் திருப்தி. அதன் மேல் எண்ணெயும் சோப்பு நுரையும் சேர்ந்தால் இருபது வயதுப் பையனே தடுமாறுவான். புதிதாகப் போடுகிறவர்கள் சொரசொரப்பான டைல்ஸாகக் கேட்டு வாங்குங்கள். ஏற்கெனவே போட்டாயிற்றா? தரையைக் கவ்விப் பிடிக்கும் ரப்பர் மிதியடி விரியுங்கள். எண்ணெய் தேய்க்கும்போது ஸ்டூலில் உட்கார்ந்துகொள்ளுங்கள். உள்ளங்காலை நன்றாகத் துடைத்துவிட்டு எழுந்திருங்கள். குளித்து முடித்ததும் வீட்டில் இளையவர் யாராவது சோப்புத்தூள் போட்டுத் தரையைத் தேய்த்துக் கழுவிவிட வேண்டும்.

பெரியவர்கள் எழுந்திருக்கும்போது டவல் கம்பியைப் பிடிக்கிறார்கள். அது ஈரத்துண்டைத் தாங்கும், ஆளைத் தாங்குமா? சுவரில் போல்ட் போட்டு இறுக்கிய கைப்பிடி, டாய்லெட் பக்கத்தில் ஒன்று, குளிக்குமிடத்தில் ஒன்று வைத்துவிடுங்கள். பி.பி. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரவில் சடாரென்று எழுந்து போகாதீர்கள். ஒரு நிமிடம் கட்டிலில் உட்கார்ந்து, விளக்கைப் போட்டுவிட்டுப் போங்கள்.

குழந்தை விஷயத்துக்கு வருவோம். பக்கெட்டில் சில அங்குலம் தண்ணீர் இருந்தாலே தவழும் குழந்தைக்கு ஆபத்து. தலைப்பாரம் அதிகம் என்பதால் எட்டிப் பார்க்கும்போது தலைகுப்புற விழும். மீண்டு எழத் தெரியாது. சத்தம்கூட வராது. அதனால் காலி பக்கெட்டைக் கவிழ்த்தே வையுங்கள். போன் மணி அடித்தால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு போங்கள்; இல்லையா, அடிக்கட்டும் விடுங்கள்.

60 டிகிரி வெந்நீர் பெரியவர் தோலையே சில விநாடிகளில் வேக வைத்துவிடும். குழந்தைத் தோல் இன்னும் மெல்லியது. பக்கெட்டில் முதலில் பச்சைத்தண்ணீர், அப்புறம் வெந்நீர். முழங்கையால் தொட்டுப் பார்த்த பிறகு குழந்தை. ஹீட்டர் கம்பி போடும் வீடுகளில், சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகே தண்ணீரைத் தொட வேண்டும். மின்கசிவு வந்தால் தானாக 'ட்ரிப்' ஆகும் 30 மில்லி ஆம்பியர் சுவிட்ச் ஒன்று வீட்டுக்கு அவசியம். கேஸ் கீசரை பாத்ரூமுக்குள் மாட்டாதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது. மூடிய அறையில் ஆளை மயக்கிக் கொன்றுவிடும்.

சுட்டுவிட்டால் குழாய்த் தண்ணீரை 20 நிமிடம் புண் மேல் ஓட விடுங்கள். பற்பசை, இங்க், இட்லி மாவு எதுவும் வேண்டாம். சித்த வைத்தியன் நானே சொல்கிறேன், அந்த நேரத்தில் கற்றாழையும் வேண்டாம். கொப்புளம் கிளம்பினால், அதுவும் குழந்தையாக இருந்தால், உடனே ஆஸ்பத்திரி.

கக்கூஸ் கழுவும் ஆசிடைக் கூல்டிரிங்க்ஸ் பாட்டிலில் ஊற்றி வைப்பது நம் வீடுகளின் கெட்ட பழக்கம். குழந்தை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போன வழியே திரும்பி வரும்போது தொண்டையை மறுபடி வேக வைக்கும். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். ஆசிடோடு பிளீச்சிங் பவுடர் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும், இரண்டையும் கலக்கவே கூடாது.

தாழ்ப்பாள் விஷயம் பாக்கி இருக்கிறது. அந்த அம்மா ஆபரேஷன் முடிந்து இப்போது வாக்கர் பிடித்து நடக்கிறார். குளிக்கப் போகும்போது கதவைச் சும்மா சாத்திவிட்டு, வெளியே ஒரு சிவப்புத் துண்டைத் தொங்க விடுகிறார். துண்டு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறது என்று அர்த்தம். பேரன் செய்த ஏற்பாடாம்.