பின்னால் வரும் எட்டு டன்

இரண்டு டன் எடையுள்ள 45 குதிரைத்திறன் டிராக்டர், கரும்பு ஏற்றிய எட்டு டன் டிரெய்லரைச் சமதளச் சாலையில் அலட்டாமல் இழுத்துப் போகும். ஒருமுறை சக்கரம் உருளத் தொடங்கிவிட்டால், தார்ச்சாலையில் அதைத் தொடர்ந்து நகர்த்த மொத்த எடையில் ஏறத்தாழ ஐம்பதில் ஒரு பங்கு இழுவிசை போதும். இந்தச் சுலபத்தில்தான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. வாங்குபவரும் சரி, ஓட்டுபவரும் சரி, வண்டி எத்தனை டன் இழுக்கும் என்றுதான் விசாரிக்கிறார்கள். எத்தனை டன்னை நிறுத்தும் என்று விசாரிப்பவர் குறைவு. கொக்கியும் பிரேக்கும் தேர்ந்தெடுக்கும்போது முதலில் கேட்க வேண்டியது அதைத்தான்.

நம் ஊர் டிராக்டர்களில் பெரும்பாலானவற்றுக்குப் பின்சக்கரங்கள் இரண்டில் மட்டுமே பிரேக் உண்டு. இரண்டு டன் டிராக்டரில் பின்சக்கரங்கள் மேல் இருக்கும் எடை சுமார் 1,300 கிலோ. காய்ந்த தார்ச்சாலையில் டயரின் பிடிப்பை 0.6 என்று வைத்தால், சக்கரம் வழுக்காமல் கிடைக்கும் தடுப்பு விசை 780 கிலோ அளவுதான். பிரேக் எவ்வளவு புதிதாக இருந்தாலும் அதற்கு மேல் கிடைக்காது. சக்கரம் பூட்டிக்கொண்டு தேயும், அவ்வளவே. இந்த 780 கிலோ விசை, டிராக்டரும் டிரெய்லரும் சேர்ந்த பத்து டன்னை நிறுத்த வேண்டும். மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், மிதித்த இடத்திலிருந்து நிற்கும் இடம் வரை ஏறக்குறைய 45 மீட்டர் ஆகும். ஓட்டுநர் ஆபத்தைக் கண்டு கால் வைப்பதற்குள் ஓடிவிடும் எட்டு மீட்டர் இதில் சேரவில்லை. டிரெய்லரின் சக்கரங்களிலும் பிரேக் இருந்து, மொத்த எடையில் 30 விழுக்காடு அளவுக்குத் தடுப்பு விசை கிடைத்தால், அதே வண்டி 12 மீட்டரில் நின்றுவிடும்.

சரிவில் கணக்கு இன்னும் கடுமையாகிறது. ஏரிக்கரையிலிருந்து சாலைக்கு இறங்கும் பாதை எட்டடிக்கு ஓரடி சரிவாக இருந்தால், பத்து டன்னைக் கீழ்நோக்கித் தள்ளும் விசை 1,250 கிலோ. தரையின் உருளும் தடையையும் சேர்த்துப் பார்த்தாலும், டிராக்டரின் 780 கிலோ அதற்கு ஈடாகாது. சின்ன கியரில் இறக்கினால் எஞ்சின் பிடித்துக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் இங்கே முழுதாகக் கைகொடுக்காது. எஞ்சின் பிடிப்பதும் அதே இரண்டு பின்சக்கரங்கள் வழியாகத்தான். பாரம் பின்னாலிருந்து தள்ள, பின்சக்கரம் வழுக்கும். பிறகு டிரெய்லர் பக்கவாட்டில் திரும்பி டிராக்டரை மடக்கிக் கவிழ்த்துவிடும்.

இதனால்தான் பல டிராக்டர், கருவி நிறுவனங்களின் கையேடுகள் இரண்டு வேறு வரம்புகளைச் சொல்கின்றன. பிரேக் இல்லாத டிரெய்லர், இழுக்கும் வண்டியின் எடையைப்போல் ஒன்றரை மடங்குக்கு மேல் போகக் கூடாது. வேகம் மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது. பிரேக் உள்ளதென்றால் நாலரை மடங்கு வரை, 40 கிலோமீட்டர் வேகம் வரை போகலாம். இரண்டு டன் டிராக்டருக்கு இதைப் பொருத்தினால், பிரேக் இல்லாத டிரெய்லர் பாரத்தோடு சேர்த்து மூன்று டன்தான் இருக்கலாம். அரவைப் பருவத்தில் நெல்லிக்குப்பம், முண்டியம்பாக்கம் ஆலைகளுக்குப் போகும் கரும்பு டிரெய்லர்களின் பாரத்தை ஒருமுறை பார்த்தவருக்கு, இந்த மூன்று டன் எவ்வளவு சின்ன அளவு என்பது புரியும்.

கொக்கியின் வேலை இரண்டு. முன்னால் இழுக்கும் விசையைத் தாங்க வேண்டும். பின்னாலிருந்து தள்ளும் இடியையும் தாங்க வேண்டும். கிளம்பும்போதும் நிற்கும்போதும், கொக்கியில் செருகும் பின்னுக்கும் (pin) டிரெய்லரின் வளையத்துக்கும் நடுவே இருக்கும் இடைவெளி, பாரத்தைச் சம்மட்டியாக மாற்றுகிறது. பின் தேயத் தேய இடைவெளி பெருகும், இடியும் பெருகும். வளையத்தின் துளை வட்டமாக இல்லாமல் முட்டை வடிவத்துக்கு இழுபட்டிருந்தால், அல்லது பின்னின் நடுப்பகுதியில் விரல் வைத்து உணரும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால், இரண்டையும் மாற்றியாக வேண்டும். மாற்றும்போது கட்டடக் கம்பியை அளவுக்கு அறுத்துச் செருகுவது உயிரோடு விளையாடும் காரியம். கடினப்படுத்திய எஃகில் செய்த பின், மேலே எழும்பி வெளியே வராதபடி அடியில் பூட்டும் கிளிப்போடு வருகிறது. கிளிப்புக்குப் பதில் கட்டுக்கம்பியைச் சுற்றிவிட்டால், பள்ளம் மேட்டில் நாள் முழுக்க ஆடி அது அறுந்துபோகும்.

எந்த இடத்தில் மாட்டுவது என்பது, எதை மாட்டுவது என்பதைவிட முக்கியம். டிராக்டரின் பின்சக்கர அச்சுக்குக் கீழே, டிராபாரிலோ நிறுவனம் டிரெய்லருக்கென்றே பொருத்திய கொக்கியிலோ மட்டுமே மாட்ட வேண்டும். இழுக்கும் புள்ளி அச்சுக்கு மேலே போனால், பாரம் அசைய மறுக்கும் நேரத்தில் டிராக்டர் தன் பின்சக்கரத்தைச் சுற்றிப் பின்பக்கமாக எழும்பும். முன்சக்கரம் தூக்கி, ஓட்டுநர் மேலேயே வண்டி கவிழ்வதற்கு ஓரிரு நொடி போதும். குதித்துத் தப்ப நேரம் கிடைக்காது. கலப்பையைத் தூக்கும் மேல் இணைப்பின் தாங்கியில் சங்கிலியைக் கட்டி, சேற்றில் புதைந்த டிரெய்லரை இழுப்பது இந்த விபத்தை வலிய அழைப்பதாகும்.

அடுத்தது முன்பாரம். மாட்டுவண்டி ஓட்டியவர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. மூட்டைகள் முன்னால் குவிந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்னால் குவிந்தால் நுகத்தடி மேலே எழும்பி மாட்டின் கழுத்தை இழுக்கும். இரண்டு சக்கர டிரெய்லரிலும் நடப்பது அதுவேதான். பாரம் அச்சுக்குக் கொஞ்சம் முன்னால் விழுந்தால், டிராக்டரின் பின்சக்கரம் தரையில் நன்றாக அழுந்தும், பிடிப்பும் கூடும். அளவு மீறினால் முன்சக்கரம் லேசாகி, ஸ்டீயரிங் திருப்பியும் வண்டி திரும்பாது. டிராக்டர் எடையில் குறைந்தது ஐந்தில் ஒரு பங்காவது முன் அச்சின் மேல் நிற்க வேண்டும் என்பது பொதுவான விதி. தேவைப்பட்டால் முன்னால் இரும்பு எடைகளைச் சேர்க்க வேண்டும். பின்பாரம் இதைவிடக் கெட்டது. அது கொக்கியை மேலே தூக்கி, பிடிப்பு வேண்டிய பின்சக்கரத்தின் எடையையே திருடிக்கொள்ளும். கரும்புக் கட்டுகளின் நுனி டிரெய்லருக்குப் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும்போது இதை மறக்கக் கூடாது. கார் இழுக்கும் சிறு டிரெய்லர்களிலும் பின்பாரம்தான் வேகத்தில் வாலாட்டத்தை உண்டாக்குகிறது. அமெரிக்காவில் டிரெய்லர் எடையில் 10 முதல் 15 விழுக்காடு கொக்கியின் மேல் இருக்கும்படி ஏற்றச் சொல்கிறார்கள். நான்கு சக்கர டிரெய்லரில் முன் அச்சே எடையைத் தாங்கிக்கொள்வதால் கொக்கியில் முன்பாரம் விழாது. டிராக்டருக்குக் கூடுதல் பிடிப்பும் கிடைக்காது. எனவே அதற்குச் சொந்த பிரேக் இன்னும் கட்டாயமாகிறது.

பிரேக் வகைகளில் எளியது உந்து பிரேக். டிராக்டரோ காரோ வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னோக்கித் தள்ளுகிறது. அந்தத் தள்ளலே கொக்கியில் உள்ள தண்டை உள்ளே அழுத்தி, கேபிள் வழியாக டிரெய்லரின் பிரேக்கை இறுக்குகிறது. தனி மின்சாரமோ எண்ணெய்க் குழாயோ வேண்டாம். ஆனால் நீண்ட இறக்கத்தில் அது தொடர்ந்து உராய்ந்து சூடாகும். முன்வண்டி பிரேக் பிடித்தால்தான் அதுவும் பிடிக்கும். பின்னோக்கி எடுக்கும்போது தானாக விடுபடும் அமைப்பு இல்லையென்றால் நகர மறுக்கும். ஐரோப்பாவில் 750 கிலோ வரை பிரேக் இல்லாத சிறு டிரெய்லருக்கு அனுமதி உண்டு. கார்கள் இழுக்கும் வகையில் உந்து பிரேக்குக்கு 3,500 கிலோ எல்லை. ஆஸ்திரேலியாவில் 2,000 கிலோவைத் தாண்டினால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் வேண்டும், டிரெய்லர் கழன்றால் அது தானாகப் பிடிக்கவும் வேண்டும்.

மின்சார பிரேக்கில் டிரம்முக்குள் இருக்கும் காந்தம், மின்னோட்டம் வந்ததும் டிரம்மின் முகத்தில் ஒட்டி, சுழற்சியோடு இழுபட்டு பிரேக் ஷூவை விரிக்கிறது. ஓட்டுநர் பக்கத்தில் உள்ள கட்டுப்பாட்டுக் கருவியில், பாரத்துக்கு ஏற்றபடி பிடிப்பைக் கூட்டிக் குறைக்கலாம். வெறும் டிரெய்லருக்கு வைத்த அளவிலேயே பாரம் ஏற்றினால் பிடிக்காது. பார அளவிலேயே வெறுமனே ஓட்டினால் சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

டிராக்டருக்கு ஏற்றவை ஹைட்ராலிக் பிரேக்கும் காற்று பிரேக்கும். முன்னதில், டிராக்டரின் பிரேக் மிதியோடு இணைந்த வால்வு, எண்ணெய் அழுத்தத்தை டிரெய்லருக்கு அனுப்புகிறது. குழாய் அறுந்தால் அழுத்தம் போய்விடும், பிரேக்கும் போய்விடும். அந்த நேரத்தில் பிடிக்கத் தனி ஏற்பாடு வேண்டும். காற்று பிரேக்கின் சிறப்பு இதற்கு நேர்மாறானது. ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் 1869இல் ரயிலுக்காக உருவாக்கிய முதல் காற்று பிரேக்கிலும், குழாய் அறுந்தால் பிரேக் இல்லை என்ற குறை இருந்தது. 1872இல் அவர் அதைத் தலைகீழாக்கினார். குழாயில் காற்றழுத்தம் இருக்கும் வரை பிரேக் விடுபட்டிருக்கும், அழுத்தம் இறங்கினால் தானாகப் பிடிக்கும். இன்றைய லாரி டிரெய்லர்களில் ஒரு குழாய் தொட்டிக்குக் காற்றை நிரப்ப, இன்னொன்று பிரேக் கட்டளையைக் கொண்டுபோகிறது. நிரப்பும் குழாய் அறுந்தால் டிரெய்லர் தானே நின்றுவிடும். செலவு கூடுதல்தான், ஆனால் நாலைந்து டன்னுக்கு மேல் அன்றாடம் சாலையில் ஓடும் டிரெய்லருக்கு இந்தச் செலவைத் தள்ளிப்போடுவது நியாயமில்லை.

கொக்கி நல்லதாக இருந்தாலும் காப்புச் சங்கிலி வேண்டும். இரண்டு சங்கிலிகளை டிரெய்லரின் ஏர்க்காலுக்கு அடியில் குறுக்காக மாட்டினால், பின் கழன்ற நேரத்தில் ஏர்க்கால் தரையில் குத்தாமல் அவற்றின் மேல் தங்கும். திருப்பத்துக்கு இடம் விட்டு, தரையில் தேயாத நீளத்தில் இருக்க வேண்டும்.

சாலையில் ஏறுவதற்கு முன் டிராக்டரின் இடது, வலது பிரேக் மிதிகளைச் சேர்த்துப் பூட்டியாக வேண்டும். வயலில் திருப்புவதற்காகத் தனித்தனியாக விடப்பட்ட மிதிகளில் ஒன்றை மட்டும் வேகத்தில் மிதித்தால், வண்டி அந்தப் பக்கமாகச் சுழன்று கவிழும். இறக்கத்துக்கு முன்பே, ஏற எந்த கியர் தேவையோ அதற்கு மாற வேண்டும். நடு இறக்கத்தில் கிளட்சை மிதித்து மாற்றப் பார்க்கக் கூடாது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் உருட்டுவது, இருக்கும் கொஞ்சப் பிடிப்பையும் கைவிடுவதாகும்.

புதிதாகப் பிரேக் பொருத்திய டிரெய்லரை முதலில் பாரமில்லாமலும், பிறகு பாதி பாரத்தோடும் ஆளில்லாத சமதளத்தில் ஓட்டிப் பார்ப்பது நல்லது. சில முறை பிடித்து நிறுத்திய பின் இறங்கி, சக்கரக் குடங்களின் அருகே புறங்கையைக் கொண்டுபோனால் சூடு தெரியும். ஒரு பக்கம் மட்டும் கொதித்தால் அங்கே பிரேக் விடுபடாமல் உரசுகிறது. ஒரு பக்கம் மட்டும் குளிர்ந்திருந்தால் அங்கே பிடிக்கவே இல்லை. இரண்டு பக்கமும் ஒன்றுபோல் வரும் வரை ஷூவின் இடைவெளியைச் சரிசெய்த பிறகே முழு பாரம் ஏற்றலாம். நிறுத்தி வைக்கும்போது, டிரெய்லரின் கைபிரேக்கை இழுத்து, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பிறகுதான் பின்னை உருவ வேண்டும்.