குத்த வேண்டிய இடத்தில் குத்தவில்லை, வலி குறைந்தது

1971 ஜூலையில் பெய்ஜிங் போயிருந்த நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்குக் குடல்வால் அழற்சி. அங்கேயே ஆபரேஷன். மரத்துப்போக ஊசி போட்டு, வழக்கமான முறையில்தான் செய்தார்கள். இரண்டாம் நாள் இரவு வயிறு உப்பி வலி எடுத்தபோதுதான் அக்குபங்சர் வந்தது. வலது முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழேயும் மூன்று மெல்லிய ஊசிகள். அவ்வப்போது அவற்றைத் திருகிவிட்டு, மூலிகையைப் புகையவிட்டு வயிற்றருகே பிடித்தார்கள். மொத்தம் 20 நிமிடம். ஒரு மணி நேரத்தில் உப்புசம் தணிந்தது.

இதை அவர் எழுதப்போக, அமெரிக்காவே அக்குபங்சரைப் பற்றிப் பேசியது. வாய்வழியாகப் பரவியதில் கதை வளர்ந்து, மயக்க மருந்தே இல்லாமல் ஊசியை வைத்தே ஆபரேஷன் நடந்ததாக ஆகிவிட்டது. இன்றும் அப்படிச் சொல்பவர்கள் உண்டு.

ஆபரேஷனுக்குப் பிறகு வரும் உப்புசம் ஓரிரு நாளில் தானாகவும் வடியும். ரெஸ்டனுக்குத் தணித்தது ஊசியா, நேரமா? ஒருவரை வைத்து இதைச் சொல்ல முடியாது.

ஜெர்மனியில் 1,162 பேரை வைத்துப் பார்த்தார்கள். எல்லோருக்கும் நாள்பட்ட இடுப்பு வலி. ஒரு பிரிவுக்குச் சீன மரபு சொல்லும் புள்ளிகளில் ஆழமாக ஊசி. இன்னொரு பிரிவுக்குப் புள்ளியே இல்லாத இடங்களில், தோலை ஒட்டி மேலோட்டமாக ஊசி. மூன்றாவது பிரிவுக்கு வழக்கமான மாத்திரை, பிசியோதெரபி, உடற்பயிற்சி. 2007-இல் முடிவு வெளியானது. ஆறு மாதம் கழித்து நல்ல முன்னேற்றம் கண்டவர்கள் முறையே 47.6, 44.2, 27.4 சதவீதம்.

மாத்திரையை ஊசி வென்றுவிட்டது என்று சிகிச்சையாளர்கள் கொண்டாடலாம். ஆனால் எங்கே குத்தினாலும் ஏறக்குறைய அதே பலன் என்றால், உடம்பெங்கும் ஓடுவதாகச் சீன மரபு சொல்லும் சக்திப் பாதைகளின் வரைபடம் எதற்கு? என்னைக் கேட்டால், அந்த வரைபடத்தைச் சுவரில் அலங்காரமாக மாட்டிக்கொள்ளலாம். தோலில் எங்கே குத்தினாலும் நரம்பு தூண்டப்படும். வலியடக்கும் எண்டார்பினை உடம்பே சுரக்கும். அரை மணி நேரம் அசையாமல் படுத்திருப்பது, ஒருவர் பொறுமையாகக் கவனிப்பது, குணமாகும் என்ற நம்பிக்கை, எல்லாமே சேர்ந்து வேலை செய்கின்றன. ஊசி கிடைக்கும் என்று வந்து பழைய வைத்தியமே கிடைத்தவர்களின் ஏமாற்றத்துக்கும் அந்த 27-இல் பங்கு இருக்கலாம்.

அடிபட்ட காயத்துக்கு இந்தக் கணக்கு செல்லாது. அறுந்த தசைநாரை ஊசி ஒட்டாது, முறிந்த எலும்பைச் சேர்க்காது. வலி குறைந்ததும் ஆறாத கணுக்காலோடு ஆடப் போவதுதான் ஆபத்து. இடுப்பு வலியோடு கால் பலமிழந்தாலோ சிறுநீர் கட்டுப்பாடு போனாலோ நேராக மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ஊசி புதிதாக, ஒருமுறை மட்டுமே பயன்படுத்துவதாக இருக்க வேண்டும். தோள்பட்டை, மார்புப் பகுதியில் ஆழம் தவறினால் நுரையீரலில் ஓட்டை விழுந்த சம்பவங்கள் உண்டு.

அமெரிக்காவில் முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகேர், 2020 முதல் நாள்பட்ட இடுப்பு வலிக்கு மட்டும் அக்குபங்சர் செலவை ஏற்கிறது. 90 நாளில் 12 முறை. பலன் தெரிந்தால் இன்னும் 8. தெரியாவிட்டால் அத்தோடு நிறுத்திவிட வேண்டும் என்று விதியிலேயே இருக்கிறது.